பச்சைக்கு மேல் வெள்ளை

வண்டியின் பின்கதவில், கீழ் விளிம்பை ஒட்டி, வெள்ளைப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. சென்னை காசிமேட்டில் எந்த இரும்புக்கும் நடப்பதுதான். உப்புக்காற்று பெயின்டுக்கு அடியில் புகுந்து தோலைத் தூக்கிவிடும். என் மகன் ஒரு கொப்புளத்தை நகத்தால் உரித்தான். ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வெள்ளை பெயர்ந்து விழுந்தது. அடியில் கரும்பச்சை. இன்னும் கொஞ்சம் உரித்தான். பச்சைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பட்டை. அதன் மேல் தூரிகையால் போட்ட வெள்ளை அம்பு முனை, வானத்தைப் பார்த்தபடி.

“அப்பா, இது நெஜமாவே மிலிட்டரி வண்டிதான்” என்றான்.

அவனுக்குச் சந்தேகம் தீர்ந்தது. எனக்குத் தொடங்கியது.

எங்கள் வீட்டுக்கு ஒரு மாருதி ஜிப்ஸி வேண்டும் என்ற எண்ணம் 2023 டிசம்பரில் வந்தது. மிக்ஜாம் புயல் கரையோரமாக நகர்ந்து மழையைக் கொட்டிவிட்டுப் போன அந்த நாட்களில் அம்மா கொருக்குப்பேட்டையில் தங்கை வீட்டில் இருந்தார். தெருவில் இடுப்பளவு தண்ணீர். அதில் சாக்கடையும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து மிதந்தன. ஆட்டோ வரவில்லை, கார் வரவில்லை. இரண்டாம் நாள் தண்ணீர் முழங்காலுக்கு வடிந்தபோது, அந்தத் தெருக்காரர் ஒருவர் தன் பழைய ஜிப்ஸியை எடுத்து நடை நடையாக ஆட்களை மேட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். எழுபது வயது கடந்த என் அம்மாவும் அதில்தான் வந்து சேர்ந்தார். வண்டிக்காரர் யாரிடமும் பணம் வாங்கவில்லை. “மிலிட்டரில இருந்து வந்த வண்டிம்மா, தண்ணிக்கெல்லாம் பயப்படாது” என்றாராம். அந்த வார்த்தை எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் எங்களுக்கு ஒரு பட்டறை. விசைப்படகு இன்ஜின் வேலை. அப்பா தொடங்கியது, இப்போது நான் பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் நிற்கும். எங்களுக்கு வேலை குவிவது அப்போதுதான். 2024-இல் தடைக்காலம் முடிந்து கையில் கொஞ்சம் காசு சேர்ந்த ஜூன் மாதம், தெரிந்தவர் மூலம் ஒரு வியாபாரி இந்த ஜிப்ஸியைக் காட்டினார். ஐயாயிரம் முன்பணம் கொடுத்ததும், “ரெண்டு நாள் வெச்சு ஓட்டிப் பாருங்க, அப்புறம் பேசிக்கலாம்” என்று சாவியைத் தந்துவிட்டார்.

ஆர்.சி. புத்தகத்தில் வண்டி தயாரான ஆண்டு 2003. முதல் பதிவு வேறு மாநிலத்தில். “மிலிட்டரி ஏலத்துல எடுத்தது. தங்கமா வெச்சிருந்திருக்காங்க. பெயின்ட் மட்டும்தான் புதுசு” என்றார் வியாபாரி.

பெயின்ட் புதிதாக இருந்ததில் தப்பில்லை. அடித்தே ஆக வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 121-ஆம் விதி, ராணுவத்தின் அந்தப் பச்சை நிறத்தைப் பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் அடிக்கக் கூடாது என்கிறது. படையைவிட்டு வெளியே வரும் வண்டி பச்சையைக் கழற்றிவிட்டுத்தான் ஊருக்குள் வர வேண்டும். என் மகன் உரித்தது அந்தச் சட்டைமாற்றத்தைத்தான்.

மறுநாள் காலையில் வண்டியை ஆவடிக்கு ஓட்டினேன். அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் அங்கே இருக்கிறார். ராணுவ வண்டிகளையும் கருவிகளையும் பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆவடி அவருக்குப் பொருத்தமான ஊர். 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்த கனரக வாகனத் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. நான் அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவேன்.

பெரியப்பா வண்டியைச் சுற்றி வரவில்லை, பானட்டைத் திறக்கச் சொல்லவில்லை. நேராகப் பின்கதவுக்கு வந்து குந்தி உட்கார்ந்தார். பிளேடு ஒன்று கேட்டார். கறுப்புப் பட்டையின் மேல் ஒட்டியிருந்த வெள்ளையைக் கருவாட்டுச் செதிலைச் சுரண்டுவதுபோல் மெல்ல மெல்ல எடுத்தார். அம்பு முழுசாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் 9. அடுத்து 7. பிறகு ஓர் எழுத்து, அதற்குப் பின் எண்கள்.

“இந்த அம்பு வெள்ளைக்காரன் காலத்து வழக்கம்ப்பா. அரசாங்கச் சொத்துன்னு அர்த்தம். எப்பவும் மேலதான் பாக்கும். அதுக்கு அடுத்த ரெண்டு நம்பர் பட்டாளம் வாங்கின வருஷம். இது தொண்ணூத்தேழுல வந்த வண்டி.”

“ஆர்.சி.ல 2003-ன்னு இருக்கு, பெரியப்பா.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “நீ இன்ஜின்காரன் மகன்தானே? பானட்டத் தொற” என்றார்.

திறந்தேன். இரண்டு நாளாக ஓட்டியும் என் கண்ணில் படாதது அப்போதுதான் பட்டது. இன்ஜின் மேல் கார்புரேட்டர் உட்கார்ந்திருந்தது. மாருதி ஜிப்ஸி 1985 டிசம்பரில் 970 சிசி இன்ஜினோடு வந்தது. 1996-இல் 1298 சிசி இன்ஜின் போட்டு ‘கிங்’ என்று பெயர் வைத்தார்கள். 2000-இல் கார்புரேட்டரை எடுத்துவிட்டு எரிபொருளைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறைக்கு மாறினார்கள், 60 குதிரைத்திறன் 80 ஆனது. 2003-இல் ஆலையைவிட்டு வந்த ஜிப்ஸியில் கார்புரேட்டர் இருக்க வழியில்லை. இன்ஜினை மாற்றியிருக்கலாம் என்று சமாதானம் சொல்லலாம். பின்கதவில் இருக்கும் 97-க்கு என்ன சமாதானம்?

பட்டாளத்து வண்டி எப்படி வெளியே வருகிறது என்று பெரியப்பா சொன்னார். ஓடிய தூரமும் வயதும் கணக்குத் தாண்டியதும் அதிகாரிகள் குழு ஒன்று பார்க்கும். இனிச் செலவு செய்து பயனில்லை என்று முடிவானால் கண்டம். கண்டம் ஆன வண்டிகள் டிப்போவில் வரிசையாக நிற்கும். பழைய நாளில் அங்கேயே கூவி ஏலம் போட்டார்கள். இப்போது கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.எஸ்.டி.சி. என்ற பொதுத்துறை நிறுவனம் இணையத்தில் ஏலம் நடத்துகிறது. எந்த இடத்தில் எந்த நிலையில் நிற்கிறதோ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும், பேட்டரி இல்லை டயர் இல்லை என்று திருப்பிக் கேட்க முடியாது.

“படையில இருக்கறப்ப அந்த வண்டிக்கும் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் சம்பந்தமே கெடையாது. தனி நம்பர், தனிப் பதிவு. வெளிய வந்ததும் புதுசாப் பொறந்த மாதிரி பதியணும். அதுக்கு ராணுவ அதிகாரி கையெழுத்துப் போட்ட விற்பனைச் சான்று வேணும், படிவம் 21. எனக்கு டிஸ்சார்ஜ் புக் எப்படியோ, வண்டிக்கு அந்தத் தாள் அப்படி. அது இருக்கா?”

இல்லை. வியாபாரியிடம் போனில் கேட்டேன். “அதெல்லாம் முதல் ஓனர்கிட்ட இருந்திருக்கும் சார், இப்ப யார் கேக்கறா?” என்றார்.

பெரியப்பா கடைசியாக ஒன்று செய்யச் சொன்னார். முன்சக்கரத்தை ஒட்டிய சேசிஸ் சட்டத்தில் அடித்திருக்கும் எண்ணைத் துடைத்து, மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தோம். ஆர்.டி.ஓ. ஆபீசில் பிரின்ட் எடுப்பதுபோலத்தான். எண் ஆர்.சி.யோடு சரியாகப் பொருந்தியது. ஆனால் தாளில் எண்ணோடு வேறொன்றும் பதிந்திருந்தது. எண்களுக்கு அடியில், ஒரே திசையில், நெருக்கமாக மெல்லிய கோடுகள். கிரைண்டர் ஓடிய தடம். பட்டறையில் தினமும் நான் பார்க்கும் தடம்தான் அது. பழைய எண்ணை ராவிவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு வண்டியின் எண்ணைக் குத்தியிருக்கிறார்கள்.

1997-இல் படைக்குப் போன ஒரு வண்டியின் உடல். எங்கேயோ செத்துப்போன 2003-ஆம் ஆண்டு வண்டியின் பெயர். இரண்டையும் ஒட்டவைத்து என் மகன் முன்னால் நிறுத்தியிருந்தார்கள்.

வீடு திரும்பியதும் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏமாற இருந்தோமே என்பதைவிட, அந்த அம்புக்குறி மனதை அரித்தது. இந்த வண்டி உண்மையில் எங்கே பிறந்தது? மிலிட்டரி வண்டி என்கிறோமே, அது என்ன? அந்த வாரம் முழுக்கத் தேடிப் படித்தேன்.

ஜீப்பின் கதை நேரானது. 1940-இல் அமெரிக்க ராணுவம் நான்கு சக்கரத்துக்கும் விசை பாயும் ஒரு சிறு வண்டி வேண்டும் என்று 135 நிறுவனங்களுக்கு எழுதியது. பான்டம் என்ற சிறு நிறுவனம் 49 நாளில் முதல் மாதிரியைக் கட்டிக் கொடுத்தது. வில்லிஸும் ஃபோர்டும் பெருமளவில் செய்தன. போர் முடிந்த 1945-இலேயே உழவருக்கான ஜீப் என்று வில்லிஸ் விற்கத் தொடங்கிவிட்டது. 1949-இல் பம்பாயில் மகிந்திரா அதைப் பூட்டத் தொடங்கியது. போருக்குப் பிறந்து வயலுக்கு வந்த வண்டி ஜீப்.

ஜோங்காவும் பட்டாளத்துப் பிள்ளைதான். நிஸான் பேட்ரோல் வண்டியை உரிமம் வாங்கி ஜபல்பூரில் செய்தார்கள். ஜபல்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் பெயர்ச் சுருக்கம்தான் ஜோங்கா. ஏறக்குறைய நான்கு லிட்டர் பெட்ரோல் இன்ஜின், ஆறு சிலிண்டர். 1969 முதல் 1999 வரை ஓடிய உற்பத்தி அது. 1990-களில் டீசல் இன்ஜின் வைத்துப் பொதுமக்களுக்கு விற்றுப் பார்த்தார்கள், பெரிதாகப் போகவில்லை. 2019-இல் கிரிக்கெட் வீரர் தோனி ஒரு பழைய ராணுவ ஜோங்காவை வாங்கி ராஞ்சியில் ஓட்டியபோதுதான் இளையவர்கள் பலர் அந்தப் பெயரையே கேட்டார்கள்.

ஜிப்ஸியின் வேரைப் பிடித்துப் போனபோது நான் எதிர்பார்த்த இடத்துக்கு வந்து சேரவில்லை. 1967-இல் ஜப்பானில் ஹோப் மோட்டார் கம்பெனி என்ற சின்ன நிறுவனம் ஒரு குட்டி வண்டியைச் செய்தது. 359 சிசி இன்ஜின், நான்கு சக்கரத்துக்கும் விசை. பட்டாளம் கேட்டுச் செய்ததல்ல. மலைப்பாதையிலும் காட்டிலும் வேலை பார்ப்பவனுக்கு, குறைந்த வரியில் வாங்கக்கூடிய சிறு வண்டியாகச் செய்தது. விற்கவில்லை. 1968-இல் சுஸுகி அந்த உரிமையை வாங்கி, திருத்தி, 1970-இல் ஜிம்னி என்று வெளியிட்டது. அந்த ஜிம்னியின் வளர்ந்த பிள்ளைதான் 1985-இல் குர்கானில் ஜிப்ஸி ஆயிற்று. மாருதி 800 வந்து அப்போது இரண்டே ஆண்டு. பட்டாளம் அதை எடுத்துக்கொண்டது அதற்கும் பின்னால், 1991-இல். எடை ஆயிரம் கிலோவுக்கும் கீழே. அதனால் மலையில் சிக்கினால் ஜவான்கள் நாலு பேர் தூக்கித் தள்ளலாம், குளிரில் ஒரே சாவிக்குக் கிளம்பும். இந்தக் காரணங்களால்தான் 30,000-க்கும் மேற்பட்ட ஜிப்ஸிகள் படையில் சேர்ந்தன.

ஆக, நான் மிலிட்டரி வண்டி என்று நினைத்தது உழைப்பாளி வீட்டுக்குப் பிறந்த வண்டி. பட்டாளம் அதற்கு இடையில் பார்த்த வேலை.

படைக்கும் தெருவுக்கும் நடுவே நடக்கும் இந்தப் போக்குவரத்து எங்கள் பகுதிக்குப் புதிதல்ல என்பதும் அப்போதுதான் உறைத்தது. வீட்டிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் திருவொற்றியூர். 1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்குப் புல்லட் மோட்டார் சைக்கிள்கள் கேட்டது. அந்தத் தேவையின் தொடர்ச்சியாகத்தான் 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. எல்லையில் ஓடிய அதே வண்டியின் பெட்ரோல் டாங்க் மேல் என்னை உட்காரவைத்து அப்பா ஓட்டியிருக்கிறார். இன்னும் மேலே போனால் எண்ணூர். ஆஸ்டின் கார் பூட்டத் தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய ஆலை. லாரியும் பஸ்ஸும் செய்த அந்த நிறுவனத்தின் ஸ்டாலியன் லாரிதான் பிறகு ராணுவத்தின் பாரத்தைச் சுமந்தது. ஒன்று படையிலிருந்து தெருவுக்கு வந்தது, மற்றொன்று தெருவிலிருந்து படைக்குப் போனது. இரண்டு வழியும் எங்கள் ஊர் வழியாகத்தான் போகின்றன.

வேர் தெரிந்த பிறகு, வேறொரு நல்ல ஜிப்ஸியைத் தேடலாமா என்ற கேள்வி மிச்சமிருந்தது. அதற்கு அந்த இரண்டு நாள் ஓட்டமே பதில் தந்திருந்தது.

நல்லதை முதலில் சொல்கிறேன். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் நடுவே 210 மில்லிமீட்டர். எங்கள் தெருப் பள்ளங்கள் அதற்குப் பொருட்டே இல்லை. துறைமுகத்து ஈரச் சரிவில், ஒரு படகு இன்ஜினை ஏற்றிய டிரெய்லரைப் பின்னால் கட்டி, சின்னக் கியர் கம்பியை நான்கு சக்கரத்துக்கான தாழ் விசையில் போட்டுக் கிளட்சை விட்டேன். சக்கரம் வழுக்கவில்லை. நடக்கிற வேகத்தில் இழுத்துக்கொண்டு மேலே வந்தது. 27 வயது இரும்பு அது. கை எடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அன்று சாயங்காலம் குடும்பத்தை ஏற்றினேன். அம்மாவால் ஏற முடியவில்லை. வெள்ளத்தில் நாலு பேர் தூக்கி உட்காரவைத்தார்கள், தினமும் யார் தூக்குவது? பட்டறை ஸ்டூலைப் போட்டு ஏற்றினோம். பின்னால் இருப்பது பக்கவாட்டில் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. துப்பாக்கியோடு ஏறி, துப்பாக்கியோடு குதிக்கும் ஜவானுக்குச் சரியான இருக்கை. பெல்ட் இல்லை, தலை சாய்க்க இடம் இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி திடீரென்று ஒதுங்கியதும் பிரேக்கை மிதித்தேன். ஆறு வயது மகள் பெஞ்சு நீளத்துக்கும் சறுக்கிப்போய் முன்சீட்டின் முதுகில் மோதினாள். அடி பலமில்லை. என் மனைவி அவளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கிய பிறகு சொன்னாள்: “வெள்ளம் வருஷத்துல ரெண்டு நாள். இந்த ரோடு வருஷம் முழுக்க.”

அவள் சொன்னதைத்தான் சட்டமும் சொல்லியிருக்கிறது. ஏர்பேக், ஏ.பி.எஸ்., மோதல் சோதனை என்று 2019-இல் வந்த விதிகளைத் தாண்ட முடியாமல்தான் ஜிப்ஸி பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தினார்கள். படைக்கு மட்டும் விலக்குப் பெற்றுத் தொடர்ந்து கொடுத்தார்கள். ஜவான் நாட்டுக்காக ஏற்றுக்கொள்ளும் ஆபத்தை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஏன் ஏற்க வேண்டும்? இருக்கையை முன்னோக்கித் திருப்பலாம், கம்பிக் கூண்டு போடலாம் என்று பட்டறைக்காரனுக்கே உரிய யோசனைகள் எனக்கு வந்தன. தயாரித்தவர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதைப் படித்ததும் அதையும் விட்டேன்.

கடைசியாகத் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். பின்சக்கரக் கூட்டுக்கு மேலே தகரம் அப்பளமாக இருந்தது. விரலை வைத்து அழுத்தினேன், உள்ளே போயிற்று. ஓட்டை வழியாகத் தெரு தெரிந்தது. எந்த மலையிலோ காய்ந்திருந்த இரும்பு எங்கள் கடல் காற்றில் இன்னும் இரண்டு மழைக்குத் தாங்காது. பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் மறையும், ஆறாது.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். முன்பணத்தைக் கேட்டு வாங்க நான்கு முறை அலைய வேண்டியிருந்தது. சேசிஸ் பிரின்டின் நகலை இணைத்துக் காவல் துறையில் எழுதியும் கொடுத்திருக்கிறேன். எண் மாற்றிய வண்டி எந்தக் குற்றத்தில் சிக்கினாலும், கடைசியாக வாங்கியவன்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் இன்னொரு குடும்பம் நிற்கக் கூடாது.

15 வயது தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு செல்லாது, அவற்றை உடைக்கத்தான் அனுப்ப வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. படையின் போர்ப்பணிக்கான சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. மிலிட்டரி ஏலம் என்று சொல்லிக்கொண்டு வரும் வண்டியை இனி இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும்.

என் முடிவு இதுதான். பட்டறைக்கு, பண்ணைக்கு, பழைய வண்டியைப் பேணத் தெரிந்தவனுக்கு இரண்டாவது வண்டியாக, தாள் சரியாக இருந்தால், ஜிப்ஸி வாங்கலாம். அது மதிக்க வேண்டிய வண்டி. அம்மாவையும் பிள்ளைகளையும் தினமும் ஏற்றிப்போக வேண்டிய ஒரே வண்டியாக வேண்டாம். நாங்கள் நான்கு கதவும் இரண்டு ஏர்பேக்கும் உள்ள ஒரு பழைய சின்னக் கார் வாங்கியிருக்கிறோம். அம்மா ஸ்டூல் இல்லாமல் ஏறுகிறார்.

உங்களுக்கும் ஆசை இருந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். படிவம் 21-ஐக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். சேசிஸ் எண்ணுக்கு நீங்களே பென்சில் பிரின்ட் எடுங்கள். விலை பேசுவதற்கு முன்னால், வீட்டிலேயே வயதானவரைப் பின்சீட்டில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.